ஒரு நாள் வளரும் கண்

குகைக்குளத்தின் ஓரத்தில் மண்டியிட்டு சோய்லா வலையைத் தூக்கினாள். மூன்று மீன்கள். வெளிறிய இளஞ்சிவப்பு, கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான தோல். அவற்றை வாளியில் விட்டாள். பதினொரு வருடமாக மழைக்காலத் தொடக்கத்தில் தலைநகரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து இதற்காகவே வருகிறாள். குகைக்குள் கூட்டிவருவது அண்ணன் எவரார்டோ. இந்த மலையின் குகைகள் அவனுக்கு வீட்டு அறைகள் போல.

இதுவரை கேட்டிராததை இன்று கேட்டான்.

"முட்டைக்குள்ள இதுக்குக் கண்ணு வருதுன்னு சொன்னியே. அப்புறம் ஏன்டி போகுது?"

"ஒரு நாள் ஒழுங்காத்தான் வளருது. அப்புறம் லென்ஸ் தானாவே சாக ஆரம்பிக்குது. மத்ததெல்லாம் அது பின்னாடியே போயிடுது."

"வலிக்குமா?"

"தெரியலண்ணா. மேல ஆத்துல கண்ணோட திரியுதே, அதே இனம்தான். கண்ணு செய்யுற மரபணுவெல்லாம் இதுக்கும் அப்படியே இருக்கு. எது எப்ப, எவ்வளவு வேலை செய்யணும்ங்கிறதுதான் மாறிப்போச்சு."

"நம்ம அப்பா கண்ணுக்கு?"

"அது வேற. மரபணுவுல ஒரே ஒரு எழுத்துப் பிழை. பார்வை ஓரத்துலேருந்து சுருங்கிக்கிட்டே போச்சு."

சொல்லிக்கொண்டே எழுந்து திரும்பியவள் நின்றாள். அவன் நெற்றி விளக்கு இருண்டு கிடந்தது.

"அண்ணா, உன் விளக்கு எரியலையே."

அவன் கை மெல்ல நெற்றிக்குப் போனது. "எரியலையா? உன் வெளிச்சத்த என்னுதுன்னு நெனச்சுட்டேன்."

அவள் வலையைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மழைக்காலமாச்சு. அண்ணி ரோசௌரா காதுல போட்டுடாத, என்ன வீட்டுல கட்டிப்போட்டுடுவா." சிரித்தான். "இங்க கீழ நான் நல்லாத்தான் இருக்கேன். மேலதான் எல்லாத்துலயும் முட்டிக்கிறேன்."

அப்பா பார்வையை முழுதும் இழந்தபோது வயது நாற்பத்தைந்து. அண்ணனுக்கு நாற்பத்தொன்று. அவளுக்கு முப்பத்தெட்டு.

திடீரென்று அவன் கையை உயர்த்தினான். "பேசாத. தண்ணிச் சத்தம் மாறுது."

அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மழை பிடித்திருக்க வேண்டும். வலையைச் சுருட்டுவதற்குள் கணுக்காலில் இருந்த நீர் கலங்கி முழங்காலுக்கு வந்துவிட்டது.

"வாளிய விடு! என் பெல்ட்டப் பிடிச்சுக்க!"

விட்டாள். நீரில் சாய்ந்த வாளியிலிருந்து மீன்கள் அவசரமில்லாமல் வெளியேறின. ஒவ்வொரு பிடிப்பும் எங்கே என்று அண்ணனின் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. குறுகிய பொந்தில் தவழ்ந்தபோது பின்னால் நீர் மூச்சுவிட்டது. கயிற்றைப் பற்றி அவர்கள் ஏறும்போது, சற்றுமுன் மண்டியிட்டிருந்த இடம் கறுத்த நீருக்குள் போயிருந்தது.

வெளியே பிற்பகல் வெயில். பாறையில் மல்லாந்து கிடந்து எவரார்டோ மூச்சு வாங்கினான்.

"பாத்தியா, குருடன் பின்னால போய்ப் பொழச்சிருக்க." பிறகு, சிரிக்காமல், "நீ உன் ரத்தத்தப் பாத்தியா?"

ஆயிரக்கணக்கான மீன்களின் மரபணுவைப் படித்தவள் அவள். அவளுடைய ரத்தத்தைப் படிக்க ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் போதும்.

"பாக்கணும்ணா."

அவளுக்கு இடப்பக்கம், மிக அருகில், ஒரு கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கியது. ஓசை வந்த பக்கம் கண்ணை மட்டும் ஓட்டினாள், வெறும் பாறை. தலையை முழுதும் திருப்பினாள். அங்கே நூற்றுக்கணக்கான கிளிகள், பச்சைப் பசேலென்று.