பட்டனை அமுக்கியவர்

அந்த வீட்டு அடுக்களையில் ஒரு சொட்டுப் பால் தெறித்தபடி நான்கு வருடமாக அந்தரத்தில் நிற்கிறது. அடியில் இருந்த தட்டை அன்றைக்கே எடுத்துக் கழுவிப் புழங்க ஆரம்பித்துவிட்டார்கள். பால் திரியவும் இல்லை, காயவும் இல்லை. பக்கத்தில் ஒரு பல்பின் சில்லுகள். ஹாலில் பூசணிக்காய் அளவுக்குத் தண்ணீர். அதைச் சுற்றியிருந்த பலூன் வெடித்துப் போய்விட்டது. முதலில் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது, பிறகு குனிந்து போகப் பழகிக்கொண்டது. வீட்டுக்காரியின் நாத்தனார் மட்டும் வரும்போதெல்லாம் அந்தத் தண்ணீரில் தலையை விட்டுக்கொண்டு, சொட்டச் சொட்ட உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவாள்.

கணவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். மனைவி காது மிஷின் பழுது பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி வீட்டைக் கும்மிருட்டாக்குவார்கள். அவர் பட்டனை அமுக்கி கேமராவைத் திறந்து வைப்பார். இருட்டில் அது எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. அவள் பொருளைத் தோள் உயரத்திலிருந்து விடுவாள். விழுந்த சத்தத்தை ஒரு காது மிஷினின் மைக் கேட்டு, பிளாஷை அடிக்க வைக்கும். அந்த ஒரு மின்னலில் படமும் பதியும், பொருளும் நின்றுவிடும். மைக்கைப் பிளாஷோடு சேர்த்துப் பற்றவைத்தது அவள். பிளாஷின் வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்க அது இன்னும் சீக்கிரம் அணையும், படம் இன்னும் கூர்மையாக விழும் என்று கண்டுபிடித்ததும் அவள்தான். அதற்கு ஒரு வருடமும் எண்பது முட்டையும் ஆயின. வாத்தியாருக்குப் பட்டன்.

படங்கள் ஒரு போட்டிக்குப் போயின. முதல் பரிசு என்று சொல்லி அவளையும் கண்காட்சிக்கு அழைத்துப் போனார். புதுப் புடவையில் போனாள். பன்னிரண்டு படங்களுக்கு அடியிலும் அவர் பெயர் மட்டும் இருந்தது. சாருக்கு என்ன பொறுமை என்று ஆளாளுக்கு வியந்தார்கள். ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்து, வீட்டில் இதெல்லாம் தொந்தரவாக இல்லையா என்று பரிவோடு விசாரித்தாள். இல்லை என்றாள். மூன்றாம் மனிதர் செய்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். இது இருட்டில் நம்பிப் பக்கத்தில் நின்ற ஆள்.

மறுநாள் காலை கேட்டாள். படிவத்தில் படம் எடுத்தவர் என்று ஒரே ஒரு கோடுதான் இருந்தது என்றார். அப்புறம் கொஞ்சம் குரலை உயர்த்தி, "பட்டன அமுக்குனது நான்தானே? நீ கூட இருந்த, அவ்வளவுதான்" என்றார்.

மேஜைமேல் பரிசு இருந்தது, அவர் பெயர் செதுக்கிய கனத்த கண்ணாடி. அதை எடுத்தாள். வழக்கம்போலத் தோள் உயரத்துக்குத் தூக்கினாள், அளவு பார்த்தாள், விட்டாள்.

ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது, பளீரென்று வெயில். கேமரா அவர் பையில் மூடி போட்டபடி இருந்தது. அலமாரிமேல் இருந்த பிளாஷ் அடித்தது. தரையில் மோதிச் சிதறி எழும்பிய கண்ணாடி முழங்கால் உயரத்தில் அப்படியே நின்றது, அவர் பெயர் நாலு துண்டாக.

"யாரு அமுக்குனா?" என்றார் அவர்.

"யாரும் அமுக்கல."

அவர் போய்ப் பையைத் திறந்து கேமராவைப் பார்த்தார். திரும்ப மூடினார்.

இரண்டு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்டார். சரி என்றாள். போட்டிக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவதாகச் சொன்னார், அதற்கும் சரி என்றாள். எழுதினாரா என்று அவள் கேட்கவில்லை. பேச்சு இருக்கிறது, ஒட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே போர்வை கட்டி, அவளே கேமராவைத் திறந்து, அவளே விடுகிறாள். அவர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். வேலைக்குக் கிளம்பும்போது கண்ணாடி காலைக் கிழிக்காமல் சுவரோரமாக ஒதுங்கிப் போகிறார். அவள் துடைப்பத்தை அதன் அடியில் விட்டுப் பெருக்குகிறாள்.