அழகுக்குப் போட்ட கோடு

எலி செய்த வேலை சின்னது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஒயர்க் கட்டில் பல்லைத் தீட்டிவிட்டுப் போய்விட்டது. பெரிய வேலை செய்தவர் தையல்காரியின் வீட்டுக்காரர்தான்.

அவர் வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவர். காரை அதற்கென்று இருக்கும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டலாம் என்று அவள் சொன்னதும் மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என்னை வீட்டுல வச்சுக்கிட்டா? நாலு பேரு சிரிப்பாங்க. கரண்டு சுவத்துல ஓடினா என்ன, ரோட்டுல ஓடினா என்ன?"

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மல்லாந்து படுத்தார். அவள் எட்டிப் பார்த்தாள். சிவப்பு ஒயரிலேயே ஒன்றில் வெள்ளைக் கோடு, ஒன்றில் மஞ்சள் கோடு.

"இந்தக் கோடெல்லாம் எதுக்குங்க?"

"அழகுக்குப் போட்டிருக்கான். நீ பாவாடைக்கு பார்டர் வைக்கிறதில்லையா, அது மாதிரி."

சிவப்பைக் கண்ட இடத்தில் சிவப்போடு முறுக்கி டேப் சுற்றினார். அன்றிலிருந்து வண்டிக்குப் புத்தி பேதலித்தது. இண்டிகேட்டரைத் தட்டினால் வைப்பர் ஆடியது. வைப்பரைத் தட்டினால் இண்டிகேட்டர் கண் சிமிட்டியது. ஹார்னை அமுக்கினால் விளக்கு எரிந்தது, விளக்கைப் போட்டால் ஹார்ன் அலறியது.

தையல்காரி சண்டை போடவில்லை. தலைகீழாக நூல் கோத்தால்தான் ஓடும் மிஷினிலேயே காலம் தள்ளுகிறவள் அவள். 'மெதுவாத் துடைச்சா இடது, வேகமாத் துடைச்சா வலது' என்று பட்டன் தைக்கும்போதும் முணுமுணுத்து, கைக்கு அந்தக் கிறுக்கையே பழக்கிவிட்டாள்.

அவளுக்கு அந்த வண்டி வேண்டும். வீட்டில் ஒரே ஸ்கூட்டர். அவருடைய ஏணிக்கும் இவளுடைய துணி மூட்டைக்கும் தினமும் போட்டி, தினமும் ஏணிக்கே வெற்றி. பழைய காரைக் கொடுத்த நாத்தனார், ஒரு நிபந்தனையோடுதான் கொடுத்திருந்தாள்.

"ரெண்டு தடவை லைசென்ஸ் டெஸ்ட்ல கோட்டை விட்டாச்சு. மூணாவதும் போச்சுன்னா வண்டி என் வாசலுக்கு வந்துடும், சொல்லிட்டேன்."

டெஸ்ட் அன்று காலை நாத்தனார் மைதானத்து வேலியோரம் நின்று, மாற்றுச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தாள். வண்டியை மைதானத்துக்கு ஓட்டி வந்த வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று ஏனோ வானத்தையே பார்த்தார்.

ஆய்வாளர் பாதித் தூக்கத்தோடு வண்டியில் ஏறினார். "கிளம்புங்க. வலது பக்கம் திரும்பணும்."

அவள் வைப்பரை வேகமாகத் தட்டினாள். சுள்ளென்ற வெயிலில், காய்ந்த கண்ணாடிமேல் வைப்பர் கிறீச் கிறீச்சென்று ஓடியது.

"மழை வருதா?" என்றார் ஆய்வாளர்.

அவள் வண்டியை நகர்த்தினாள். எதிரே ஒரு நாய் பாதையில் படுத்திருந்தது. பதற்றத்தில் விளக்குச் சுவிட்சைத் திருகினாள். விளக்கு எரிந்தது. நாய் எழுந்து உட்கார்ந்து, விசாரிக்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

"நாயைத் தேடுறீங்களாம்மா?"

பிரேக்கை மிதித்துவிட்டு வேலிப் பக்கம் பார்த்தாள். வீட்டுக்காரர் ஒரு கையை வைப்பர்போல ஆட்டினார், பிறகு இரண்டு கைகளையும் குறுக்கே மாற்றிக் காட்டினார், பிறகு தலையில் அடித்துக்கொண்டார். அவளுக்கு விளங்கிவிட்டது. பாவி மனுஷன் வண்டியைச் சரி பண்ணித் தொலைத்திருக்கிறார்.

இனி எதைத் தொட்டால் எது ஆடும் என்று அவள் கைக்கே தெரியாது. ஆகவே எதையும் தொடவில்லை. ஜன்னலை இறக்கினாள். தலையை நீட்டி, "ஏய், தள்ளு" என்றாள். நாய் தள்ளிப் போனது. வலது கையை வெளியே நேராக நீட்டி வலப்பக்கம் திரும்பினாள். கையை வட்டமாகச் சுற்றிக் காட்டி இடப்பக்கம் திரும்பினாள். மேலும் கீழும் அசைத்து வேகத்தைக் குறைத்து, கோட்டுக்குள் நிறுத்தினாள். அதுவரை வைப்பரும் விடாமல் துணைக்கு ஆடிக்கொண்டிருந்தது.

ஆய்வாளருக்குத் தூக்கம் போயிருந்தது. "கை சைகையெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"புத்தகத்துல இருந்துச்சுங்க சார்."

"அதை எல்லாருந்தான் படிக்கிறாங்க. கை நீட்டினது நீங்க ஒருத்தர்தான்." காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். "பாஸ். அந்த வைப்பரை மட்டும் நிறுத்துங்க, தலை சுத்துது."

அவள் பழக்கதோஷத்தில் எதையோ தட்டினாள். இடது இண்டிகேட்டர் கண் சிமிட்டியது. ஆய்வாளர் அவசரமாக இறங்கிப் போனார்.

வேலியோரம் போய்க் கையை நீட்டினாள். "அந்தச் சாவியும் குடுங்க அண்ணி."

நாத்தனார் சாவியைக் கொடுத்தாள். "ஓட்டினியா, நாட்டியம் ஆடினியான்னுதான் எனக்குப் புரியல."

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "கோடு பாத்துத்தான் சேக்கணுமாம், நேத்து கார் எலெக்ட்ரீஷியன் சொன்னான். காலையில அவன்கிட்டயே குடுத்துச் சரி பண்ணிட்டேன். உனக்கு ஆச்சரியமா இருக்கட்டுமேன்னு..."

"இருந்துச்சு. வீட்டுக்குப் போனதும் பழையபடி மாத்திக் குடுங்க."

"பழையபடியா? அதை எப்படிச் சேத்தேன்னு எனக்கே தெரியாதே."

அவள் வண்டியைக் கிளப்பினாள். மைதானத்து வாசலில் அதே நாய் படுத்திருந்தது. விளக்கையும் தொடவில்லை, ஹார்னையும் தொடவில்லை. ஜன்னல் இறங்கும் சத்தம் கேட்டதுமே, அது எழுந்து ஓரமாக ஒதுங்கிக்கொண்டது.