அழகன் இல்லாத ஆட்டம்

இலங்கை அணி உலகக் கிண்ணம் வென்ற மறு வருடத்து மார்கழி. தொண்டு நிறுவனத்தின் கொழும்புத் தலைமையகத்திலிருந்து மலையகத்து வட்டகொடை அலுவலகத்துக்கு வந்திருந்த பணிப்பாளர் கனகலிங்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் குழாய்த் தண்ணீரும் கழிவறையும் அமைத்த அந்த வருட வேலையைக் கிரிக்கெட் விளையாட்டாகவே பேசிப் பார்க்க வேண்டும் என்றார். வெளிநாட்டுப் பயிற்சியில் கற்றுவந்த முறையாம். நன்றாக நடந்தது ரன், பிசகியது விக்கெட், இனிச் செய்ய வேண்டியது அடுத்த மெட்ச். ஒருவரையும் குற்றம் சொல்லக் கூடாது.

நடத்துவது சிவகௌரி. யாழ்ப்பாணத்துக்காரி, அந்த அலுவலகத்தின் பொறுப்பாளர். சுவரில் பெரிய தாளை ஒட்டி மைதானம் வரைந்தாள். கள உத்தியோகத்தன் அழகன் இருந்திருந்தால் இந்தக் கோடுகளை அவன்தான் போட்டிருப்பான். பயிற்சிப் படங்கள் எடுத்துவர ஆடியில் கொழும்புக்குப் போனவனை, லொட்ஜில் நடந்த சுற்றிவளைப்பில் புலிச் சந்தேகத்தில் பொலிஸார் பிடித்துப் போனார்கள். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. தெற்கே ஏதோ சிறையில் இருப்பதாக மட்டும் தெரிந்தது.

கனகலிங்கம் வெள்ளைத் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டார். "நான்தான் அம்பயர். தொடங்குங்கோ!"

"மேல் லயத்துக்குத் தண்ணி வந்துச்சுங்க. அது ஒரு ஃபோர்" என்றார் டிரைவர் வீரய்யா.

"புள்ளைங்களுக்கு வயித்தோட்டம் கொறைஞ்சிருக்குங்க. அது சிக்ஸரு" என்றாள் லயம் லயமாகச் சென்று சுகாதாரம் சொல்லிக்கொடுக்கும் பேச்சியம்மா.

கைதட்டினார்கள். கொஞ்ச நேரம் அது உண்மையாகவே விளையாட்டாக இருந்தது. விக்கெட் பக்கம் வந்தபோது மழையையும் சிமெந்து வரப் பிந்தியதையும் சிவகௌரி எழுதினாள். பேச்சியம்மா மெதுவாகக் கேட்டாள்.

"அழகன் தம்பிய எதுலங்க மிஸ் எழுதுறது?"

சிவகௌரி கனகலிங்கத்தைப் பார்த்தாள்.

"அது திட்டத்துக்கு வெளியாலை நடந்தது. அவரின்ரை ஒப்பந்தமும் முடிஞ்சுது. விளையாட்டுக்கு வருவம்" என்றார் கனகலிங்கம்.

"மேல் லயத்துக்குக் கொழாய முதுகுல தூக்கிட்டுப் போனதே அவன்தானுங்களே" என்றார் வீரய்யா. "அந்த ஃபோர் நம்ம டீமுதுன்னா, இந்த அவுட்டும் நம்ம டீமுது தானுங்க."

"சத்தம் போடாதேங்கோ. கதவைச் சாத்துங்கோ முதல்ல."

தொப்பியைக் கழற்றிவிட்டு அவரே எழுந்து யன்னலையும் சாத்தினார். அது கல்மனசு அல்ல, பயம் என்று சிவகௌரிக்குப் புரிந்தது. அதே பயம்தான் அவளுக்கும். யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு தான் போய் நின்றால் அவனுக்கும் ஆபத்து என்று இத்தனை நாளும் தனக்குத்தானே சொல்லிவந்தாள். அதில் பாதி உண்மை, பாதி சாக்கு.

"யாராச்சும் போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் பேச்சியம்மா.

"மிஸ் போயிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றார் வீரய்யா.

"ஐயா கொழும்புலதான இருக்காரு, அவரு பாத்திருப்பாருன்னு நான் நெனச்சேன்" என்றாள் பேச்சியம்மா.

ஒருவரும் போகவில்லை. சிங்களம் தெரியாத அவன் தாய் ராசம்மா மட்டும் ஒருமுறை போய், வாசலோடு திரும்பிவந்திருந்தாள்.

'அடுத்த மெட்ச்' என்ற இடத்தில் சிவகௌரி எழுதினாள்: அழகனைப் பார்க்கப் போவது. கனகலிங்கம் அதைப் பார்த்தார். தடுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. தேத்தண்ணீர் குடிக்காமலே கொழும்புக்குப் புறப்பட்டார்.

அடுத்த கிழமை வீரய்யாவும் சிவகௌரியும் ராசம்மாவைக் கூட்டிக்கொண்டு வேனில் போனார்கள். சிறை வாசலில் சிவகௌரியின் அடையாள அட்டையைப் பார்த்த அதிகாரி அவளைத் தனியாக உட்கார வைத்துத் திரும்பத் திரும்ப விசாரித்தார். மற்ற இருவரையும் உள்ளே விட்டார்கள். விசாரணை முடிந்து அவள் வெளியே வந்தபோது ராசம்மா வேனுக்குள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னவன்?"

"ஆளு எலும்பா இருக்கான் மிஸ். அடிச்சதுல ஒரு காது கேக்கல." வீரய்யா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "'ஏண்ணே இவ்வளவு நாளா யாருமே வரல'ன்னு கேட்டான். நான் என்னத்தங்க சொல்றது?"



மறு வருடம் ஒரு காரணமும் சொல்லாமல் அவனை விட்டுவிட்டார்கள். சிவகௌரி அவனுடைய லயத்துக்குப் போனாள். அழகன் நாற்காலி எடுத்துப் போட்டான். கேட்கிற காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு, மரியாதையாகத்தான் பேசினான். மறுபடியும் வேலைக்கு வரச் சொன்னாள்.

"வேணாங்க மிஸ். இங்கயே கொழுந்து நிறுக்கிற எடத்துல வேல கெடைச்சிருக்கு. தோட்டத்த விட்டு வெளிய போகத் தேவையில்ல பாருங்க."