கையில் அகப்பட்ட விரால்

எனக்கு வாய் அதிகம். அரூர் சந்தைக்கு மாடு வாங்கப் போனால் மாட்டுக்காரனோடும் சண்டை, மாட்டோடும் சண்டை. பக்கத்து ஊரிலிருந்து விருந்துக்கு வந்திருந்த என் மாமனார் முனியப்பன், நான் ஏர் ஓட்டுவதில் ஏதோ குறை சொன்னார். அவ்வளவுதான். "உம்ம வேலயப் பாத்துக்கிட்டுப் போய்யா" என்றேன். பாதிச் சோற்றில் எழுந்து போனார். என் பெண்டாட்டி காவேரியும் துணிமணியைச் சுருட்டிக்கொண்டு அப்பன் பின்னாலேயே போய்விட்டாள். அவரிடம் மன்னிப்புக் கேட்டால்தான் வருவாளாம். போடி என்றேன். ஆடியில் போனவள் பங்குனி வரைக்கும் வரவில்லை. நான் கிண்டிய களியை நாய் மோந்து பார்த்துவிட்டுப் போனது. ராத்திரியில் வீடு வீடாகவே இல்லை.

அது எண்பத்து மூன்று பங்குனி. மழை பொய்த்து, எங்கள் ஊர் ஏரி முழங்கால் தண்ணீருக்கு வற்றியது. ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்தவர் வலை போட்டு முடித்ததும் கரையில் நின்று துண்டை வீசுவார். அதற்குப் பிறகு மிச்ச மீன் பிடிப்பவனுக்குச் சொந்தம். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் இறங்கிவிடும். நல்ல விராலாக ஒன்று பிடித்து மாமனார் வாசலில் வைத்தால், மன்னிப்பு கின்னிப்பு என்று வாயைத் திறக்காமலே காவேரியைக் கூட்டி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என் மூளையே மூளை.

மற்றவர்கள் கூடையும் கொசுவலையுமாக இறங்கினார்கள். எனக்குக் கையே போதும் என்ற திமிர். மூக்கொழுகும் பொடிசுகள்கூடக் கெளுத்தி பிடித்தன. எனக்கு நண்டுக்கடிதான் கிடைத்தது.

உச்சி வெயில். கண்ணெல்லாம் சேறு. தாடை தண்ணீரில் படக் குனிந்து துழாவியபோது கையில் அகப்பட்டது, வழவழவென்று, கனமாக. இரண்டு கையாலும் இறுக்கினேன். அது உதறியது. மண்டி போட்டு மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"உட மாட்டன், செத்தாலும் உட மாட்டன்" என்று கத்தினேன்.

தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், மேலே மாமனார். நான் கட்டிக்கொண்டிருந்தது அவர் காலை.

மீன் என்று நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. என் மானம் ஒரு பக்கம், காவேரி ஒரு பக்கம். பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன்.

"எந்திரிங்க மாப்ள. எம் மேலயும் தப்பு இருக்குதுங்க. புள்ளய அனுப்பி வெக்கறன்" என்றார்.

பொழுது சாய்வதற்குள் காவேரி மூட்டையோடு வந்துவிட்டாள். நான் பெரிய உத்தமன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் மூட்டையைக் கீழே வைக்கவில்லை.

"நெசத்தச் சொல்லுங்க. எங்கப்பன் கால மீனுன்னு நெனச்சுத்தான புடிச்சீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன். போச்சு, இப்படியே திரும்பி நடக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியாதா உங்கள? ஆனா அத்தன பேரு முன்னால அதச் சொல்லாம வாய அடக்கிக்கிட்டீங்களே, அதுக்குத்தான் வந்தன்" என்று சொல்லிவிட்டு மூட்டையை உள்ளே கொண்டுபோனாள்.