ஐம்பத்து நான்கு மைல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஹல் துறைமுக நகருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது, இன்னும் பேருந்துதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், பேச ஆளில்லாதபோது, பழைய கார் விளம்பரங்களைப் படிப்பேன். கல்யாணமாகிப் பேரன் எடுத்த பிறகும் வரன் விளம்பரம் படிக்கும் சிலரைப் போல. அப்படி ஒரு ஞாயிறன்று கண்ணில் பட்டது இது: "கிராண்ட் டூரர். பதினான்கு வருடத்தில் 756 மைல் மட்டுமே ஓடியது. உரிமையாளர் காலமானார். மனைவியிடம் பேசவும்."

கிராண்ட் டூரர் என்றால் இரண்டு பேர், இரண்டு பெட்டி, நாலு நாடு என்று அலுக்காமல் போவதற்கென்றே கட்டிய கார். அது பதினான்கு வருடமாகக் கொட்டகைக்குள் என்ன செய்துகொண்டிருந்தது? கதை இந்தக் கேள்வியில் பிறந்தது. அந்த எண்ணுக்கு நான் அழைக்கவில்லை. கதையில் வருபவர் அழைப்பார்.

2

முதல் தொடக்கம்: "மழை தூறிக்கொண்டிருந்தது. டெனிஸ் அப்பிள்யார்ட் தன் தொப்பியை—"

வேண்டாம். இந்த ஊரில் மழை ஒரு செய்தியே இல்லை.

இரண்டாவது: "டெனிஸும் அந்தக் காரைப் போல அதிகம் ஓடாதவர்—"

அடித்துவிட்டேன். (நீங்களே எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள். நான் வேறு சொல்ல வேண்டுமா?)

சரி, நேராகவே சொல்கிறேன். டெனிஸுக்கு அறுபத்து மூன்று வயது. மாவட்ட நிர்வாகத்தில் சாலைக்கு வெள்ளைக்கோடு போடும் பிரிவில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாதக் கடைசியில் ஹல்லிலிருந்து ராட்டர்டாம் போகும் கப்பலில் "ஒரு கார், ஒரு ஆள்" என்று முன்பதிவு செய்திருந்தார். ஆள் இருந்தார். கார்தான் இன்னும் வாங்கவில்லை. இந்த முறை போகாவிட்டால் இனி எப்போதும் போகமாட்டோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

3

மெக்கானிக் நெவில் அவருடைய பள்ளிக்கூட நண்பர். வாய் கொஞ்சம் நீளம்.

"லீட்ஸ்ல ஒரு டாக்டரோட வண்டி இருக்கு. ஒரு லட்சத்து நாப்பதாயிரம் மைல். வாராவாரம் எடின்பரோ போய்ட்டு வந்தது. பாத்த வேலைக்கெல்லாம் ரசீது இருக்கு. அத வாங்கு."

"விளம்பரத்துல வந்த இந்த வண்டி பதினாலு வருஷத்துல ஆயிரம் மைல்கூட ஓடல நெவில்."

"அதாண்டா பயமே! சும்மா நின்னா ரப்பர் காஞ்சிரும், பிரேக் துருப்பிடிச்சிரும். டயர் புதுசாத்தான் தெரியும், ஓரமெல்லாம் வெடிச்சிருக்கும். ஓடுன வண்டிய எங்க தொட்டா வலிக்கும்னு ஓட்டுனவனுக்குத் தெரியும். நின்ன வண்டிக்கு யாரு சாட்சி? நீ ரோட்டுக்குக் கோடு போட்டவன், ரோட்டுல போனவனா? சொல்றதக் கேளு."

"போய் ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேனே."

"பாரு, பாரு. வருஷா வருஷம் அரசாங்க டெஸ்ட்ல மைல் குறிச்சு வச்சிருப்பான். வண்டி நம்பரப் போட்டாத் தெரியும். அதையும் பாத்துட்டுப் போ."

டெனிஸ் பார்த்தார். பதினான்கு வருடமும் ஒரே கதைதான். இரண்டு டெஸ்டுகளுக்கு நடுவே ஐம்பத்து நான்கு மைல்.

4

விளம்பர எண்ணுக்கு அழைத்துவிட்டு டெனிஸ் போனார். ட்ரிஃபீல்டு என்ற சிற்றூருக்கு வெளியே ஒரு செங்கல் வீடு. மார்ஜரி ஸ்டாத்தர்ஸுக்கு எழுபத்தொன்று இருக்கும். கணவர் கிளிஃப் போய் ஆறு மாதம் ஆகிறது.

"உக்காருங்க கண்ணு. பால் ஊத்தலாமில்ல?"

(இந்தப் பக்கத்தில் பஸ் ஓட்டுநர்கூட முன்பின் தெரியாதவரை அப்படித்தான் கூப்பிடுவார். வந்த புதிதில் என் மேல் எல்லோருக்கும் பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

"வண்டி எங்கயும் போனதே இல்ல" என்றார் மார்ஜரி. "வருஷத்துக்கு ஒரு தடவ, மே மாசம், டெஸ்டுக்குப் போகும். கராஜ் இங்கேர்ந்து ரெண்டு மைல். ஆனா அங்க ஒரே கூட்டம்னு சொல்வார், அவர் திரும்ப மத்தியானம் ஆயிடும்."

போக இரண்டு, வர இரண்டு. மீதி ஐம்பது எங்கே?

அவர் கெட்டிலை நிரப்பப் போனபோது டெனிஸ் கொட்டகைக்குப் போய், காருக்குள் உட்கார்ந்து, இருக்கைக்கு முன்னால் இருந்த சாமான் பெட்டியைத் திறந்தார். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குப் போகும்போது முன்விளக்கில் ஒட்டும் ஸ்டிக்கர், உறை பிரிக்காமல் இருந்தது. அதன் கீழே, கிளிப் போட்டு, ஹல் கப்பல் துறைத் தேநீர்க் கடையின் ரசீதுகள் பதினான்கு. எல்லாம் மே மாதத்தவை. துறை இங்கிருந்து இருபத்தைந்து மைல்.

(ஒரு வரைவில் அங்கே கிளிஃபுக்கு வேறொரு பெண் இருந்தாள். ரசீதைத் திரும்பப் படித்ததும் அவளை நீக்கிவிட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு தேநீர், ஒரு பன்.)

டெனிஸ் ரசீதுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

"ஃபிரான்சுக்குப் போலாம்னுதான் வாங்கினார்" என்றார் மார்ஜரி, உள்ளே திரும்பி வந்தவரிடம் கோப்பையை நீட்டியபடி. "அப்புறம் பேச்சே எடுக்கல. மனசு மாறிடுச்சு போலன்னு விட்டுட்டேன். கேட்டா நச்சரிக்கிற மாதிரி இருக்கும்ல?"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம் பழமொழி. இங்கே அதே வாய் மரியாதைக்குறைவு. மார்ஜரி வரமாட்டார் என்று நினைத்துக் கிளிஃப் கேட்கவில்லை, கிளிஃபுக்கு விருப்பமில்லை என்று நினைத்து மார்ஜரி கேட்கவில்லை. என் பக்கத்து வீட்டுக்காரரும் நானும் இருபத்திரண்டு வருடமாக மழையைப் பற்றி மட்டும்தான் பேசியிருக்கிறோம். இந்தப் பத்தியை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அதை அடிக்கப் போவதில்லை.

5

முடிவு அ: டெனிஸ் ரசீதுகளைப் பற்றிச் சொல்லாமல் டாக்டரின் வண்டியை வாங்குகிறார். வண்டி எங்கும் நிற்காமல் ஓடுகிறது. ராட்டர்டாமில் ஒரு தேநீர், ஒரு பன்—

முடிவு ஆ: ரசீதுகளை மேசைமேல் வைக்கிறார். மார்ஜரி ஒவ்வொன்றாக எடுத்து, தேதியைப் பார்த்து—

இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை. 'அவர் உங்களோடு போகத்தான் ஆசைப்பட்டார்' என்பது ஆறுதலா, தண்டனையா? டெனிஸுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

அப்போது மார்ஜரி சொன்னார்: "ஓட்டிப் பாக்காம வாங்க முடியாதே. நானும் வரட்டுமா? இதுல ஏறி உக்காந்ததே இல்ல."

என்ஜின் இருமி, பிறகு சீராக ஓடியது. நெவில் சொன்னது போலவே பிரேக் கிறீச்சிட்டது. ஆனால் கியர் சிக்காமல் சுலபமாக விழுந்தது; வருடத்துக்கு ஐம்பது மைலாவது ஓடியிருக்கிறதே. மார்ஜரி கைப்பையை மடியில் வைத்து, கல்யாணத்துக்குப் போவதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

சாலை முடிந்து சந்திப்பு வந்தது. இடது பக்கம் போனால் ஊரைச் சுற்றிப் பத்து நிமிடத்தில் வீடு. வலது பக்கம் கப்பல் துறை. டெனிஸ் தானே ஒரு காலத்தில் போட்ட வெள்ளைக்கோட்டில் வண்டியை நிறுத்தினார். சட்டைப்பையில் ரசீதுகள் இருந்தன. பின்னால் வண்டி எதுவும் இல்லை.

"எந்தப் பக்கம் போறோம் கண்ணு?" என்று கேட்டார் மார்ஜரி.

கிளிஃபிடம் பதினான்கு வருடமாகக் கேட்காமல் விட்ட கேள்வி அது. எனக்கு ஓட்டத் தெரியாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். மார்ஜரி உங்களிடம்தான் கேட்கிறார்.