அடைக்காத போன்

பவுனம்மாளைக் குழியில் இறக்கியாகிவிட்டது. உறவும் ஊரும் ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேன்காரன் வேலாயுதமும் குனிந்து ஒரு பிடி அள்ளினான். பவுனம்மாளின் புருஷன் தம்புசாமி பாய்ந்து வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"போனை அடைச்சு வச்ச கை இது. இந்தக் கையால என் பொண்டாட்டிக்கு மண்ணு போடாத."

கேரித் தீவுத் தோட்டத்தின் மூன்று டிவிஷன் சனமும் பார்த்துக்கொண்டு நின்றது. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், "அண்ணே, விடுங்க, பாவம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே! வாயில் கொழுக்கட்டை. எத்தனை பிரசவத்துக்கு, எத்தனை பாம்புக்கடிக்கு அவன் வேன் ஓடியிருக்கும்! அத்தனையும் அந்த ஒரு தட்டில் கீழே விழுந்தது. வேலாயுதம் கையைக்கூடத் துடைக்காமல் வேனுக்கு நடந்தான்.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பவுனம்மாளுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தது. ஆண் பிள்ளைகள் எல்லாம் வேலைக்காட்டில். தம்புசாமி கடையடிக்கு ஓடி, பப்ளிக் போனில் சில்லறையைப் போட்டு வேலாயுதத்தின் ஹேண்ட்போனை அழைத்தார். மூன்று தடவை அழைத்தார். மூன்று தடவையும் ஒரு பொம்பளை தேன் ஒழுகும் மலாயில் சொன்னாள்: 'நீங்கள் அழைத்த எண்ணின் உரிமையாளர் தமது போனை அடைத்து வைத்திருக்கிறார்.' அப்புறம் எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்ற வந்த லோரியை மறித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். பாலம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த நேரத்தில் வேலாயுதம் எங்கே இருந்தான்? அடுத்த டிவிஷனில், அவன் வீட்டு வாசலில், வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். போன் வேனின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்க, ஆனில்தான் உட்கார்ந்திருந்தது. அடைக்கவில்லை. ஆத்தா மேல் சத்தியமாக அடைக்கவில்லை. ஆனால் யார் நம்புவார்கள்? பொம்பளைக் குரல் ஒன்று கம்பெனியிலிருந்து சொல்லிவிட்டதே!

இத்தனைக்கும் அந்தப் போனை அவன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், "வேலு, ஒரு போனை வாங்கிப் போடுடா. ஆபத்து அவசரம்னா உன்னை எங்க போயித் தேடுறது?" என்று சொன்னதே பவுனம்மாள்தான். அவன் நேரே கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் போனான். அங்கே போன் கடை வைத்திருந்த சிநேகிதன் பாலனிடம் மூன்று கம்பெனி போனையும் ஒரு நாளைக்கு இரவல் வாங்கினான். ரிம்பாடெல், கெனாரிகொம், மெலூர்செல். மூன்றையும் பக்கத்து சீட்டில் வரிசையாக வைத்துக்கொண்டு வேனை ஓட்டினான். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, எத்தனை சிக்னல் கோடு விழுகிறது என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டான்.

ரிம்பாவுக்குக் கோலாலம்பூரில் ஐந்து கோடு, கிள்ளானில் நாலு. பாக்கேஜும் மலிவு, மாசம் நூறு நிமிஷம் சும்மா கொடுத்தான். ஆனால் தெலுக் பங்லிமா காராங் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் ஒன்றும் இல்லை. கெனாரி ஜெஞ்சாரோம் வரைக்கும் சொகுசாக வந்துவிட்டு, தீவு என்றதும் படுத்துவிட்டது. மெலூர்தான் விலை கூடுதல், சும்மா நிமிஷம் என்ற பேச்சே கிடையாது. ஆனால் எண்ணெய் ஆலைக்குப் பின்னால் அந்தக் கம்பெனியின் டவர் நின்றது. தோட்டத்தில் எந்த மூலைக்குப் போனாலும் மூன்று கோடு. பாலன்கூடச் சிரித்தான்: "என்னலா, காசு கூட கொடுத்து சின்னக் கம்பெனிய எடுக்கிற?" வேலாயுதம் சொன்னான்: "எனக்குக் கேஎல்ல யாருடா போன் பண்ணப் போறா? தீவுல அடிச்சாப் போதும்."

அப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்த மெலூரைத்தான் தொண்ணூற்றொன்பதில் ரிம்பாடெல் விழுங்கியது. பேப்பரில் முழுப் பக்க விளம்பரம். இரண்டு கை கோத்த படம். 'இரு மடங்கு டவர், இரு மடங்கு தெளிவு.' இரு மடங்காம்! யாருக்கு?

கையில் மண் பட்ட மறுநாளே வேலாயுதம் வேனை எடுத்துக்கொண்டு தீவு முழுக்கச் சுற்றினான். பழைய காலண்டர் தாளை மடியில் வைத்துக்கொண்டு இடம் இடமாக நிறுத்திப் பார்த்தான். வீட்டு வாசலில் கோடு இல்லை. கடையடியில் இல்லை. கோயிலடியில் இல்லை. ஆற்றங்கரை இடுகாட்டில் மட்டும் அக்கரை டவரிலிருந்து இரண்டு கோடு எட்டிப் பார்த்தது. ஆலைக்குப் பின்னால் போனான். டவர் நின்றது; அடியில் இருந்த பெட்டிக்குப் பூட்டு. காவல்காரர் சொன்னார், "திங்கக்கிழமை ஆளுங்க வந்து கரண்டைப் பிடுங்கிட்டுப் போனாங்க. இது தேவையில்லையாம். அக்கரை டவரே போதுமாம்."

திங்கட்கிழமை பிடுங்கினார்கள். செவ்வாய்க்கிழமை பவுனம்மாள் செத்தாள்.

உடனே தம்புசாமியிடம் ஓடி இதைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஓடினான். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அதோடு, தோட்டத்தில் வாய்ப் பேச்சுக்கு என்றைக்கு மதிப்பு இருந்தது? லீவு என்றால் சிட்டு, வீடு என்றால் சிட்டு, சீக்கு என்றால் ஆபீஸ் கிராணியின் கையெழுத்துப் போட்ட சிட்டு. அவன் தாத்தா காலம் தொட்டு, மனுஷன் சொன்னால் பொய், காகிதம் சொன்னால் மெய். அந்த ஊரில் பிறந்த வேலாயுதமும் அப்படித்தான் நினைத்தான். கம்பெனிக்காரன் முத்திரை போட்டு, 'டவரை அடைத்தது நாங்கள்தான்' என்று ஒரு கடுதாசி கொடுத்தால் ஊர் வாய் மூடும். தம்புசாமியும் கதவைத் திறப்பார்.

கிள்ளானில் ரிம்பாடெல் அலுவலகம். உள்ளே குளுகுளு என்று ஏர்கோண்டிஷன். சுவரில் பெரிய மலேசியப் படம். கம்பெனி எட்டும் இடமெல்லாம் நீலம். கேரித் தீவும் மூலை விடாமல் நீலம்.

"இங்க பாருங்க பாஸ்," என்றார் டை கட்டிய அதிகாரி. நம்ம ஆள்தான். "உங்க ஏரியா ஃபுல் கவரேஜ்."

"ஃபுல்லா? நான் அங்கதான் லா இருக்கேன். ஒரு கோடு இல்ல."

"மேப்ல நீலமா இருக்கே."

"நீலம் பூசினா சிக்னல் வந்துருமா? அப்ப என் வேனுக்கும் நீலம் பூசுறேன், எண்ணெய் ஊத்தாம ஓடுமா?"

பக்கத்துக் கவுண்டரில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு ஃபாரத்தை நீட்டினார்.

"சரி, அதை விடுங்க," என்றான் வேலாயுதம். "பழைய மெலூர்ல, லைன் கிடைக்கலன்னா 'தொடர்பு கிடைக்கவில்லை'ன்னு சொல்லுவாங்க. நீங்க ஏன் நான் அடைச்சு வச்சிட்டேன்னு சொல்றீங்க? நான் அடைச்சதை நீங்க பார்த்தீங்களா?"

"அது சிஸ்டம் மெசேஜ் பாஸ். எல்லாருக்கும் ஒண்ணுதான்."

ஒண்ணுதானாம்! ஒருத்தனைக் கொலைகாரன் ஆக்குகிற வார்த்தை எல்லாருக்கும் ஒன்றுதானாம்! ஆனாலும் வேலாயுதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஃபாரத்தை நிரப்பினான். கடுதாசி வேண்டுமே. அடுத்த வாரம் இன்னொரு தடவை போனான். அதற்கடுத்த வாரமும் போனான். இதற்கிடையில் தோட்டத்தில் யாரும் அவனை வேனுக்குக் கூப்பிடவில்லை. பவுனம்மாளின் பதினாறாம் நாள் காரியத்துக்கு எட்ட நின்று கும்பிட்டுவிட்டு வந்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

நாலாவது வாரம் கடுதாசி வந்தது. நல்ல தடித்த தாள், தங்க நிறத்தில் கம்பெனியின் மரச் சின்னம், கீழே முத்திரை. வேலாயுதம் கையைக் கழுவிவிட்டு வந்து பிரித்தான். படிக்கப் படிக்க முகம் செத்துப் போனது. அன்றைய தேதியில் அந்த வட்டாரத்தில் எந்தத் தடங்கலும் பதிவாகவில்லை. வாடிக்கையாளரின் போன் அந்த நேரத்தில் அடைக்கப்பட்டிருந்தது என்று கம்பெனிப் பதிவு காட்டுகிறது. தங்கள் ஆதரவுக்கு நன்றி.

"நாசமாப் போவானுங்க!" அவன் கத்திய கத்தில் மனைவி புஷ்பவல்லி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "கரண்டைப் பிடுங்கினது அவன். அடைச்சவன் நானாம்! முத்திரை வேற குத்தி அனுப்பியிருக்கான்! இதை யாராச்சும் பார்த்தா நான் இந்தத் தீவுல குடியிருக்க முடியுமா?"

கடுதாசியைச் சுக்கல் சுக்கலாகக் கிழிக்கப் போனான். புஷ்பவல்லி பிடுங்கிக்கொண்டாள்.

"ஏங்க, ஒரு மாசமா காகிதத்துக்கு அலைஞ்சீங்க. காகிதமே பொய் சொல்லுது. அந்தப் பொம்பளை சொன்னது பொய்யின்னு தெரியணும்னா, அவ பேசுறதையே தம்புசாமி அண்ணனை இன்னொரு தடவை கேட்க வைங்க. போனை அவர் கையில கொடுத்துட்டு."

வேலாயுதம் அவளையே பார்த்தான். ஒரு மாசம்! தன் தலையில் தானே ஒன்று வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் தம்புசாமி கடையடியில் சீனி வாங்கிக்கொண்டிருந்தார். ஆளே பாதியாகியிருந்தார். வேலாயுதம் போய் முன்னால் நின்றான். கடுதாசியை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் நீட்டினான்.

"அண்ணே, நான் அடைச்சு வச்சேன்னு கம்பெனி எழுதியே கொடுத்துட்டான். நீங்களே வச்சுக்குங்க. ஆனா இந்தப் போனையும் ஒரு நிமிசம் பிடிங்க. இப்ப அடைச்சிருக்கா, எரியுதா பாருங்க."

தம்புசாமி முகத்தைத் திருப்பினார். கடைக்காரர் பக்கிரிசாமிதான் போனை வாங்கிப் பார்த்து, "எரியுதுண்ணே" என்று தம்புசாமி கையில் வைத்தார்.

"இப்ப என் நம்பரைப் போடுங்க. நான் தொடல."

சுற்றி ஆள் கூடிவிட்டது. வேறு வழியில்லாமல் தம்புசாமி சில்லறையைப் போட்டு எண்ணை அழுத்தினார். அந்த எண் அவருக்கு மனப்பாடம். இடது கையில் ஹேண்ட்போன், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது. வலது காதில் பப்ளிக் போன். தேன் குரல் வந்தது. உரிமையாளர் தமது போனை அடைத்து வைத்திருக்கிறார்.

தம்புசாமி கையில் இருந்த போனைப் பார்த்தார். மறுபடியும் சில்லறை போட்டார். மறுபடியும் அதே பொம்பளை, அதே தேன். மூன்றாவது தடவையும் போட்டார். அப்புறம் ரிசீவரை மாட்டாமல் அப்படியே தொங்கவிட்டார்.

"பாவி மவ," என்றார். "எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து நின்னு பொய் சொல்லியிருக்காளே." வேலாயுதத்தின் வலது கையைப் பிடித்தார். தட்டிவிட்ட அதே கை. "வாடா."

இரண்டு பேரும் இடுகாட்டுக்குப் போனார்கள். மேட்டில் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. வேலாயுதம் குந்தி மூன்று பிடி மண் எடுத்துப் போட்டான். "அக்கா, நான் வீட்டுலதான் இருந்தேன் அக்கா," என்று சொல்லும்போதே உடைந்து அழுதான். தம்புசாமி அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

அப்போது தம்புசாமி தன் சட்டைப் பையில் போட்டிருந்த வேலாயுதத்தின் போன் அடித்தது. ஆற்றங்கரை அல்லவா, இரண்டு கோடு. எடுத்துக் காதில் வைத்தார்.

"வணக்கம் சார், ரிம்பாடெல்லிருந்து பேசுறோம். உங்க புகார் தீர்ந்துட்டதா எங்ககிட்ட பதிவாகியிருக்கு. எங்க சேவைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பீங்க?"

தம்புசாமி வேலாயுதத்தை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, போனை இரண்டு பேர் காதுக்கும் நடுவில் பிடித்தார்.

"மார்க் அப்புறம். நீ எழுதுற ஆளா? பேனா எடு. நான் பவுனம்மா புருசன் பேசுறேன். 'வேலாயுதம் போனை அடைச்சு வைக்கல'ன்னு எழுது."

"சார், அது எங்க ஃபாரத்துல..."

"எழுதும்மா! உன் ஃபாரம் பூரா எழுது!"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. எழுதுகிறாளோ, பயந்துவிட்டாளோ.

"எழுதிட்டேன் சார்."

"இப்ப வாசி. சத்தமா வாசி, இங்க ஒருத்தி படுத்திருக்கா, அவளுக்குக் கேட்கணும்."

அவள் வாசித்தாள். கம்பெனிப் பொம்பளையின் குரல், அதே கம்பெனிதான், தட்டுத் தடுமாறிச் சொன்னது: "வேலாயுதம்... போனை அடைச்சு வைக்கல."

"இன்னொரு தடவை," என்றார் தம்புசாமி.