அலசாமல் சொன்னது

எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. அரியமங்கலத்தில் அப்பாவின் லேத் பட்டறையும் வீடும் ஒரே கூரையின் கீழ். இரும்பு கத்துகிற இடத்தில் மனிதர்கள் முணுமுணுத்தால் யாருக்குக் கேட்கும்? உப்பைக் கொண்டா என்பதைக்கூடச் சண்டைக்கு இழுக்கிற தொனியில்தான் சொல்வோம். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான், அமைதியும் முரண் தீர்வும் என்று ஒரு எம்.ஏ. இருக்கிறது, அதில் சேரப்போகிறேன் என்று சொன்ன அன்று அப்பா மெஷினையே நிறுத்திவிட்டார்.

"ஏன் கலைமதி, பாலுக்குப் பூனையைக் காவல் வெச்ச கதையால்ல இருக்கு?" என்றார்.

அம்மா அவருக்கும் ஒருபடி மேல். "போகட்டும் விடுங்க. ரெண்டு வருஷம் நம்மகிட்ட போடுற சண்டையை அங்க போய்ப் போடட்டும்."

அவர்கள் மேல் தப்பில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஷேர் ஆட்டோவில் ரெண்டு ஆள் இடத்தில் கால் விரித்து உட்காருகிறவர், வரிசையில் நடுவே நுழைந்துவிட்டு மேலே பார்க்கிறவர், இவர்களையெல்லாம் நான் சும்மா விட்டதாகச் சரித்திரமே இல்லை. ஆனால் சண்டை போடத் தெரிந்தவளுக்குத்தான் சண்டையின் நாடி பிடிக்கத் தெரியும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தில்தான் சேர்ந்தேன்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, திருச்சியிலேயே பெரிய சண்டை எங்கள் துறைக்குள்தான் நடந்துகொண்டிருக்கிறது என்று.

துறைத் தலைவர் காத்தமுத்து சார். துறையூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், இப்போது கே.கே. நகரில் வீடு. என் ஆய்வுக்கு நெறியாளர் பானுமதி மேடம், ஸ்ரீரங்கத்துக்காரர். இருவரும் சேர்ந்து ஆரம்பித்த துறை அது. பாடத்திட்டத்தை எழுதியதும் இருவரும்தான். ஊருக்கெல்லாம் சமாதானம் கற்றுக்கொடுக்கிற இந்த இருவரும் ஆறு வருடமாக ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அறைகள் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் ஒரு நடை, இரண்டு வாசலிலும் திரை.

காரணம் ஒரு பொன்னாடை. அமைதி மாநாடு ஒன்றில் விருந்தினர்களுக்கு வாங்கிவைத்த பொன்னாடைகளில் ஒன்று குறைந்துவிட்டது. மேடையில் நீதிபதி ஒருவர் வெறும் தோளோடு உட்கார்ந்திருக்கிறார். பானுமதி மேடம் சற்றும் யோசிக்காமல், சற்றுமுன் காத்தமுத்து சாருக்குப் போர்த்தி, அவர் மடித்து மடியில் வைத்திருந்த பொன்னாடையை எடுத்துக்கொண்டு போய் நீதிபதிக்குப் போர்த்திவிட்டார். நம் ஊர் விழாக்களில் நடக்காததா? ஆனால் சாரின் அம்மாவும் அண்ணன் குடும்பமும் ஊரிலிருந்து வண்டி வைத்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மேடத்திடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் துறை நடக்க வேண்டுமே. அதனால் ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஒவ்வொரு வருடமும் மாணவர்களில் ஒருவர் தூது. சார் சொல்வதை மேடத்திடமும் மேடம் சொல்வதைச் சாரிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. எனக்கு முன் தூதாக இருந்த லின்சி அக்கா படிப்பு முடிந்து போகும்போது பொறுப்பை என்னிடம் கொடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க கலை. அவங்க சொல்றதை அப்படியே கொண்டு போகாத. அலசிக் கொண்டு போ. இதுவரைக்கும் எல்லாத் தூதும் அப்படித்தான் பண்ணிருக்கோம்."

அலசுவது என்றால் வார்த்தையில் உள்ள முள்ளையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் பூவை நீட்டுவது. புத்தகத்திலும் அதற்கு ஒரு பெயர் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டறைக்காரி வாயில் தேன் ஒழுகுகிறது! 'அந்த ஆளுக்குக் கண்ணு தெரியலையா?' என்று மேடம் கேட்டால், 'மேடம் உங்க பார்வைக்கு ஒண்ணு கொண்டு வரச் சொன்னாங்க சார்' என்பேன். ஸ்ரீரங்கத்து அடுக்குமாடி ஒன்றில் வண்டி நிறுத்துவதில் வந்த சண்டையை வைத்து நான் எழுதிய ஆய்வேட்டில், ஐந்தாம் அத்தியாயம் முழுக்க இந்த அலசும் வித்தையின் மகிமைதான்.

ஆய்வேட்டை முடித்துக் கொடுத்தாயிற்று. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு மட்டும் பாக்கி. ஸ்ரீரங்கத்தில் ஒரு குடும்ப ஆலோசனை மையத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. வைவா முடிந்ததற்கான சான்றிதழோடு திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த வேலையை நான் எவ்வளவு விரும்பினேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கும். என் கோபத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் முன்னால், சண்டைகளுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை.

மதுரையிலிருந்து வரும் தேர்வாளர் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார். அந்த வெள்ளியை விட்டால் கோடை விடுமுறை. காத்தமுத்து சார் காலை பத்து மணி என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். வந்தது வினை.

புதன்கிழமை காலை பானுமதி மேடம் என்னைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை காலைல தாயார் சந்நிதிக்குப் போகாம நான் எங்கயும் வர்றதில்ல. கூட வேலை பாக்குற மனுஷருக்கு இது தெரியாதா? பத்து மணிதான்னா அவரே உனக்கு நெறியாளரா உக்காந்துக்கட்டும்னு போய்ச் சொல்லு."

நடையைத் தாண்டுவதற்குள் அலசினேன். "சார், மேடம் உங்க சௌகரியத்தை ரொம்ப மதிக்கிறாங்க. நேரத்தைக் கொஞ்சம் பரிசீலிக்க முடியுமான்னு கேட்டாங்க."

சார் முகம் சுண்டிப்போயிற்று. "சௌகரியத்தை மதிக்கிறாங்களாமா? என்ன நக்கல் பாத்தியா! பெருமாளுக்கே டைம்டேபிள் போட்டுக் குடுக்குற அம்மா அவங்க. பத்துன்னா பத்துதான். போய்ச் சொல்லு."

"மேடம், சாருக்கு உங்க பக்தி மேல பெரிய மரியாதைங்க. ஆனா நேரம்தான் கொஞ்சம்…"

"மரியாதையா? என்னைக் குத்திக் காட்டுறாரா? வெள்ளிக்கிழமையே நான் வரல. போ!"

இப்படிப் போய்ப் போய் வந்ததில் என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். நான் எவ்வளவு சர்க்கரை போடுகிறேனோ அவ்வளவுக்கு இரண்டு பக்கமும் கசந்துகொண்டே போயிற்று. அப்போது என் கூடப் படிக்கும் ஷஹனாஸ் போனைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தாள்.

"கலை, மதுரை சார் பேசினாங்க. பன்னெண்டு மணிக்குள்ள நேரம் சொல்லலேன்னா டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுவாங்களாம். ஜூன்ல பாத்துக்கலாங்கிறாங்க. மணி என்ன தெரியுமா?"

தெரியும். பன்னிரண்டுக்குச் சில நிமிஷம்தான் இருந்தது. என் வேலை, என் இரண்டு வருடம், எல்லாம் இரண்டு திரைகளுக்கு நடுவே கிடந்து ஊசலாடுகிறது. இந்த இரண்டு பேருக்கும் அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. மேடம் உள்ளேயிருந்து, "என்ன, அந்தப் பொன்னாடைப் பிரபு என்ன சொல்றாரு?" என்றார்.

எனக்குள் பட்டறை ஓட ஆரம்பித்துவிட்டது. நடையின் நடுவில் நின்றேன்.

"சார்!" என்றேன். அடுத்த கட்டிடத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "பொன்னாடைப் பிரபு என்ன சொல்றாருன்னு மேடம் கேக்குறாங்க! பத்து மணிதான்னா நீங்களே எனக்கு நெறியாளரா உக்காந்துக்கணுமாம்! இதைத்தான் மேடம் சொன்னாங்க! நான் அலசி அலசி என் கையே வெளுத்துப்போச்சு, இனிமே என்னால முடியாது சார்!"

ஷஹனாஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். சாரின் திரை விலகியது. வெளியே வந்தவர் என்னையே பார்த்தார். என் எம்.ஏ. அங்கேயே முடிந்தது என்று நினைத்தேன்.

"பொன்னாடைப் பிரபுவா?" என்றார். "அந்த வார்த்தையவே சொன்னாங்களா?"

"ஆமா சார்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். "இதும்மா! இதுதான் பானுமதி. இத்தன வருஷமா 'உங்க சௌகரியத்தை மதிக்கிறேன்'னு யாரோ ஒரு அம்மா எனக்குச் சொல்லி அனுப்பிட்டே இருந்தாங்க. அது யாருன்னே எனக்குப் புரியல. நெஞ்சுல விஷத்தை வெச்சுக்கிட்டு இந்த மனுஷி இப்படி நடிக்கிறாங்களேன்னு நெனச்சேன்."

எதிர்த் திரையும் விலகியது. பானுமதி மேடம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். என்னிடம்தான் கேட்டார், ஆனால் கண் சாரின் மேல் இருந்தது. "நான் எப்போடி இவரோட சௌகரியத்தை மதிச்சேன்?"

"நீங்க மதிக்கல மேடம். நான்தான்…"

"இவரு என்ன சொன்னாரு? அலசாம சொல்லு."

"பெருமாளுக்கே டைம்டேபிள் போட்டுக் குடுக்குற அம்மான்னு சொன்னாங்க."

"ரங்கா!" என்றார் மேடம். உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. பிறகு சட்டென்று அவர் முகம் மாறியது. "அப்படின்னா அன்னிக்கு நான் சொல்லி அனுப்பினதும் உங்களுக்கு வந்து சேரலையா?"

ஆறு வருடத்துக்குப் பிறகு அவர் சாரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"என்னிக்கு?" என்றார் சார்.

"விழாவுக்கு மறுநாள். நீங்க எம்மூஞ்சியப் பாக்காமப் போனீங்க. முதல் பேட்ச்ல ஒரு பொண்ணு நின்னுது. அதுகிட்ட சொன்னேன்: அவரோட அம்மா முன்னாடி உக்காந்திருந்ததை நான் பாக்கவே இல்ல, என் புத்திய வெளக்குமாத்தால அடிக்கணும், போய்ச் சொல்லும்மான்னு."

சார் கழற்றிய கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மாநாடு சிறப்பா நடந்ததுக்கு மேடம் நன்றி சொன்னாங்கன்னு வந்து சொல்லிச்சு அந்தப் பொண்ணு."

"நன்றியா?"

"நன்றி. பொன்னாடையை நான் ஒரு வாரத்துல மறந்திருப்பேங்க. அந்த நன்றிதான் சுட்டுது."

பாவம் அந்தப் பெண். மேடம் தன்னைத்தானே விளக்குமாற்றால் அடித்துக்கொள்வதை எப்படிப் போய்ச் சொல்வது என்று கூசி, நாகரிகமாக அலசியிருக்கிறாள். அலசின அலசலில் மன்னிப்பே தண்ணீரோடு போய்விட்டது. அன்றிலிருந்து வந்த ஒவ்வொரு தூதும், நான் உள்பட, அதையேதான் செய்துகொண்டிருந்தோம்.

"அத்தன பேர் மேடையில இருந்தாங்க, எங்கிட்ட இருந்து ஏன் எடுத்தீங்க?" என்றார் சார்.

"வேற யாருகிட்ட உரிமையா எடுக்க முடியும்? நீங்க நம்ம ஆளுன்னு நெனச்சேன்," என்றார் மேடம். "கேட்டுட்டு எடுத்திருக்கணும். தப்புதான்."

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சந்நிதியில இருந்து எத்தன மணிக்கு வருவீங்க?"

"பதினொண்ணுக்கு வந்துடுவேன்."

"முன்னாடியே சொல்லியிருந்தா பதினொண்ணுன்னே போட்டிருப்பேன்ல?"

"நேரா கேட்டிருந்தா நேரா சொல்லியிருப்பேன்!"

ஷஹனாஸ் அதற்குள் மதுரைக்குப் போன் போட்டுவிட்டாள். நான் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷம்தான். வேறு என்ன?

வெள்ளிக்கிழமை வைவா. மேடம் நெற்றியில் ஸ்ரீசூர்ணம் கலையாமல் வந்தார். தேர்வாளருக்கு மிக்ஸரும் மைசூர்பாகும் வாங்கிவைத்திருந்தோம். முதல் நான்கு அத்தியாயங்கள் சிரமமில்லாமல் போயின. ஐந்தாவது வந்ததும் சாரும் மேடமும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"தூது போறவர் வார்த்தையை மென்மையாக்கித்தான் சொல்லணும்னு எழுதியிருக்க. இப்பவும் அப்படித்தான் நெனக்கிறியா?" என்றார் காத்தமுத்து சார்.

"இல்ல சார்," என்றேன். அச்சடித்து, அட்டை போட்டு, பொன்னெழுத்தில் பேர் போட்ட அத்தியாயத்தை நானே வாயால் கிழித்தேன். முள்ளை எடுக்கிறேன் என்று ஆளையே எடுத்துவிட்டேன் என்றேன். தேர்வாளர் மைசூர்பாகைக் கையில் வைத்தபடி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் மேடம் கதவைத் திறந்து சான்றிதழைக் கையில் திணித்தார். தேறிவிட்டேன். திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம். ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் புதிதாக எழுதித் தர வேண்டுமாம். "மார்க்கு இன்னும் முடிவாகல," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

உள்ளே சத்தம் கிளம்பியது.

"தப்பா எழுதினதுக்கு எப்படிங்க எம்பது போடுறது? அறுபத்தஞ்சுக்கு மேல கெடையாது!" இது சார்.

"தப்புன்னு ஒத்துக்கிட்டாளே, அதுக்கு யாரு மார்க்கு போடுவா? நீங்க என்னிக்காவது எதையாவது ஒத்துக்கிட்டிருக்கீங்களா?" இது மேடம்.

"நான் எதைங்க ஒத்துக்கணும்?"

"எதைன்னு வேற கேக்குறீங்களா!"

மேசையில் யாரோ தட்டினார்கள். தேர்வாளர் "மேடம், சார், எனக்கு டிரெயின்…" என்று ஏதோ சொல்லப் பார்த்தார். அவர் குரல் எடுபடவில்லை. ஷஹனாஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கலை, மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க. உன் மார்க்குடி! நான் போய் நடுவுல ஏதாவது சொல்லட்டுமா?" என்று எழுந்தாள்.

அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். உள்ளே அறுபத்தைந்து அறுபத்தெட்டாகியிருந்தது.

"சும்மா இரு," என்றேன். "அவங்களே பேசிக்கட்டும்."